கன்னியம்மாவின் ரிலீஸ் லெட்டர்

போன மாதம் என் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் திருநின்றவூருக்கு என்னைத் தேடி வந்தார்கள். நிவேதா, அருண். இரண்டு பேருக்கும் மனிதவளப் பிரிவில் வேலை. நிர்வாகம் மறுபடியும் பெண்கள் கபடி அணி தொடங்கப் போகிறதாம். ஏற்கெனவே பேர் எடுத்த நாலு பேரை வெளியிலிருந்து வேலைக்கு எடுத்துவிட்டால் முதல் வருஷமே கப் வந்துவிடும் என்கிறான் அருண். லைனில் வேலை செய்கிற பெண்களையே தயார் செய்யலாம் என்கிறாள் நிவேதா. ரயிலில் வழி நெடுக இதே சண்டையாம். கடைசியில், "சௌந்தரி மேடத்தையே கேட்டுடலாம்" என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

காபி கொடுத்து ஒரு மணி நேரம் ஏதேதோ சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு, வரிசையாகச் சொல்லாமல் விட்டுவிட்டோமே என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார மீட்டர் செய்யும் அந்தக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். பள்ளியில் மாவட்ட அளவு வரைக்கும் கபடி ஆடியிருந்தேன். கல்யாணம், குழந்தை, ரயில், சமையல் என்று ஆனபின் அது எங்கேயோ போய்விட்டது. வருகை அட்டைகளை அடுக்குவது, லேட்டாக வந்தவர்களுக்குச் சிவப்பு மை போடுவது, ஓவர்டைம் கூட்டுவது. முதல் நாலு வருஷத்தில் இதைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

எங்கள் பர்சனல் மேனேஜர் வரதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. குள்ளமான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தொழிலாளி யார் அறைக்குள் வந்தாலும் எழுந்து நிற்பார். வந்தவர் உட்கார்ந்தால்தான் தானும் உட்காருவார். இதனாலேயே சண்டை போட வந்த பல பேர் பாதிக் கோபத்தை வாசலில் விட்டுவிடுவார்கள். எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். பென்சிலில் இருப்பது யோசனை, பேனாவில் இருப்பது முடிவு. கோரிக்கை எதற்கும் 'முடியாது' என்று சொல்ல மாட்டார். "பார்க்கலாம்" என்பார். அதற்கு முடியாது என்று அர்த்தம். "சரி, பார்க்கலாம்" என்றால் நடந்துவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

அந்த நாளில் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு நடுவே வருஷா வருஷம் விளையாட்டுப் போட்டி நடக்கும். பெண்கள் கபடிக் கோப்பையைத் தொடர்ந்து தூக்கிக்கொண்டு போனது ஒரே கம்பெனிதான். நாங்கள் அதைப் பூந்தமல்லி ரோட்டுக் கம்பெனி என்போம். பணக்காரக் கம்பெனி. அவர்கள் ஆட்டக்காரிகள் எல்லாரும் மாநில அளவில் ஆடினவர்கள். ஆட்டத்துக்காகவே வேலை கொடுத்துக் கூட்டி வந்தவர்கள். ஒரு பரிசளிப்பு விழாவில் எங்கள் டைரக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவர்கள் டைரக்டர் ஏதோ கிண்டலாகச் சொல்லியிருக்கிறார். மறுநாளே வரதன் சார் மேஜைக்கு உத்தரவு வந்துவிட்டது, பெண்கள் அணி வேண்டும் என்று.

வரதன் சார் என்னைக் கூப்பிட்டார். எழுந்து நின்றார். நான் உட்கார்ந்தேன்.

"நீ ஆடியிருக்கியாமே. வெளியிலேர்ந்து எத்தனை பேரை எடுக்கணும்?"

"யாரையும் எடுக்க வேணாம் சார். இங்கேயே இருக்காங்க."

"யாரு?"

"கன்னியம்மான்னு ஒரு பொண்ணு. கம்பிக் காயில் சுத்தற செக்‌ஷன்."

கன்னியம்மாவை நான் கண்டுபிடித்தது டைம் ஆபீஸ் ஜன்னல் வழியாகத்தான். அவளுக்கு வீடு குத்தம்பாக்கம். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். இரண்டாவது பஸ் தினமும் லேட். காலை சங்கு ஊதுவதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான ஆண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்குள் நுழைவார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சாப்பாட்டுத் தூக்கோடு ஓடி வருவாள் அவள். வலது பக்கம் போவது போல் தோளைக் காட்டி இடது பக்கம் நழுவுவாள். யார் மேலும் பட மாட்டாள், வேகமும் குறையாது. அட்டையை இழுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது மூச்சு வாங்காது. நான் பார்த்தவரை அவள் அட்டையில் ஒரு நாள்கூடச் சிவப்பு மை விழுந்ததில்லை.

வரதன் சார் பென்சிலில் கன்னியம்மா என்று எழுதிக்கொண்டு சொன்னார்: "சரி, பார்க்கலாம்."

கேன்டீனுக்குப் பின்னால் பழைய மரப்பெட்டிகள் கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, மண் கொட்டிச் சலித்துத் தண்ணீர் தெளித்துக் களம் போட்டோம். பத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். கேப்டனாக ஸ்டெல்லாவைப் போட்டேன். சேக்காட்டுப் பெண், வாட்டசாட்டமானவள். ஓரத்தில் நின்று, எதிரணியிலிருந்து பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தாளென்றால் உடும்புப் பிடிதான்.

முதல் பிரச்சினை உடை. அரை டிராயர் என்றதும் ஒரு பெண்ணின் அப்பா கேட்டுக்கே வந்து சத்தம் போட்டார். ஸ்டெல்லாவுக்குத் தெரிந்த ஒரு டெய்லரிடம் போய், கணுக்கால் வரைக்கும் முழுக்கால் சட்டை, மேலே முழங்கால் தொடும் தொளதொள மேல்சட்டை என்று நானே வரைந்து காட்டித் தைத்தோம். வெயிலில் வெந்துபோவார்கள், பாவம். ஆனால் அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் ஆள் வரவில்லை.

ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் பயிற்சி. அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது, ரயில் போய்விடும். மூச்சுப் பயிற்சிக்குக் கேன்டீன் சுவர். 'கபடி கபடி' என்று ஒரே மூச்சில் பாடிக்கொண்டே சுவரோரமாக நடக்க வேண்டும். எத்தனை தூண் தாண்டுகிறார்கள் என்று பார்ப்பேன். மற்றவர்கள் ஏழெட்டுத் தூணில் நின்றுவிடுவார்கள். கன்னியம்மா சுவர் முடிந்து திரும்பி வந்துகொண்டிருப்பாள். பிறகு அவளை ஆட விட்டு ஸ்டெல்லாவைப் பிடிக்கச் சொல்வேன். தினமும் இருபது தடவை. ஸ்டெல்லாவின் பிடியிலிருந்து கன்னியம்மா தப்பக் கற்றுக்கொண்டாள். தப்புகிறவளைப் பிடிக்க ஸ்டெல்லா கற்றுக்கொண்டாள். வரதன் சார் சில நாள் வந்து தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

முதல் வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். இரண்டாவது வருஷம் அரையிறுதி வரை போனோம். மூன்றாவது வருஷம் கோப்பை எங்களுக்குத்தான் என்று கம்பெனி முழுக்க, கேன்டீன் மாஸ்டர் உட்பட, எல்லாரும் நம்பினோம்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து ஒரு கவரை நீட்டினாள். பூந்தமல்லி ரோட்டுக் கம்பெனியின் வேலை உத்தரவு. நிரந்தர வேலை.

"இன்னாடி இது?"

"அவுங்க ஸ்போர்ட்ஸ் ஆபீசரு ஊட்டாண்ட வந்தாருக்கா. இந்த வருஷமே அவுங்களுக்கு ஆடணுமாம். நம்ம கம்பெனி ரிலீஸ் லெட்டர் குடுத்தா வேலை உறுதின்னு சொல்லிட்டுப் போனாரு."

"நீ இன்னா சொன்ன?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தாள். "அக்காவ கேக்கணும்னேன். நீ வேணான்னா நான் போவலக்கா."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். போட்டி நடத்துகிறவர்களின் விதிப்படி, ஒரு கம்பெனிக்காகப் பெயர் பதிந்த ஆட்டக்காரி அந்தப் பருவத்தில் வேறு கம்பெனிக்கு ஆட வேண்டுமானால் பழைய கம்பெனியின் ரிலீஸ் லெட்டர் வேண்டும். இல்லாவிட்டால் வெளியே உட்கார வேண்டியதுதான். இன்னொன்று, கன்னியம்மா எங்களிடம் தற்காலிகத் தொழிலாளி. சில மாதத்துக்கு ஒருமுறை அவளைப் போன்றவர்களைச் சில நாள் நிறுத்திவிட்டுப் புதிதாகச் சேர்த்தது போல் மறுபடி எடுப்பார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். தொடர்ந்து வேலை செய்ததாகக் கணக்கு ஏறி நிரந்தரம் கேட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான். பிரேக் பட்டியலை டைப் செய்வது என் வேலை. கன்னியம்மாவின் பெயரை எத்தனை தடவை டைப் அடித்திருக்கிறேனோ தெரியாது. களத்தில் அவளைத் தட்டிக்கொடுத்த அதே கை.

அதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. கோபம்தான் வந்தது. மூன்று வருஷம் நான் உருவாக்கினதை ஒரு கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று. "டோர்னமென்ட் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொல்லி, கவரை வாங்கி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். டோர்னமென்ட் முடிந்த பிறகு அந்த வேலை இருக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். "சரிக்கா" என்று போய்விட்டாள்.

மூன்று நாள் அந்தக் கவர் டிராயரில் கிடந்தது. கன்னியம்மா வழக்கம்போலப் பயிற்சிக்கு வந்தாள், ஆடினாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான்காம் நாள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். அன்றைக்கு ஞாயிறுக்கு முந்தின நாள், அரை ஷிப்ட். ஸ்டெல்லாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் குத்தம்பாக்கம் போனேன். உண்மையில் காய்ச்சல்தானா, இல்லை அந்தக் கம்பெனிக்காரன் மறுபடி வந்தானா என்று பார்க்கத்தான் போனேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காய்ச்சல் நிஜம்தான். கூரை வீட்டுக்குள் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். அவள் அப்பா வெளியே வந்து எங்களுக்கு ஸ்டூல் போட்டார். ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர், இப்போது திருமழிசையில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்குகிறார். சோடா வாங்கி வரச் சொல்லி யாரையோ அனுப்பினார். கொஞ்ச நேரம் ஊர்ப்பேச்சு. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"ஏம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்காத. எங்கப்பன் காலத்துல நெலத்துக்காரரு உத்தரவு குடுத்தாதான் வேற ஊட்டு வேலைக்கிப் போவ முடியும். கொழந்தைங்கள கம்பெனிக்கி அனுப்புனதே அது வேணான்னுதான். கம்பெனிலயும் அப்பிடித்தான் இருக்குதா?"

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

உள்ளேயிருந்து கன்னியம்மா சத்தம் போட்டாள்: "நைனா, நீ சும்மா இரு. அக்கா ஒண்ணும் அப்பிடி இல்ல."

திரும்பி வரும்போது பஸ் ஆவடியை நெருங்கையில் ஸ்டெல்லா சொன்னாள்: "அவ போனா நாம தோத்துடுவோம்க்கா."

"ஆமா."

"போவட்டும்க்கா. எனக்கு அந்த மாதிரி லெட்டர் வந்து, அது உன் டிராயர்ல கிடந்தா நான் உன்கிட்ட பேசியே இருக்க மாட்டேன்."

திங்கட்கிழமை காலை கவரோடு வரதன் சார் அறைக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். அன்றைக்கு நான் உட்காரவில்லை. அதனால் அவரும் நின்றுகொண்டே இருந்தார்.

"சார், கன்னியம்மாவ இங்கேயே பெர்மனென்ட் ஆக்குங்க. அவ போக மாட்டா."

கவரைப் பிரித்துப் படித்தார். "பார்க்கலாம்" என்றார். முன்னால் 'சரி' இல்லை.

ஆனாலும் டைரக்டரிடம் போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். அவர் அப்படி விவரமாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

"ஒருத்தியை ஆக்கினா லைன்ல இருக்கற எல்லாரும் கேப்பாங்களாம். அது முடியாதாம். போறவளுக்குப் பதிலா வெளியிலேர்ந்து நல்ல ஆட்டக்காரி ரெண்டு பேரை எடுத்துக்கலாமாம்."

"தற்காலிகமாவா சார்?"

"பெர்மனென்ட்டா."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வெளியாளுக்கு நாற்காலி உண்டு, வீட்டுப் பெண்ணுக்குத் தரைகூட நிச்சயமில்லை.

"அப்ப ரிலீஸ் லெட்டர் போட்டுடுங்க சார்."

"பைனல்ல உனக்கு எதிர்ல வந்து நிப்பா."

"தெரியும் சார்."

அவர் பென்சிலைத் தொடவே இல்லை. நேராகப் பேனாவை எடுத்தார்.

லெட்டரைக் கன்னியம்மா கையில் கொடுத்தபோது அவள் அதைப் படிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். "கோவமாக்கா?" என்றாள். "மொதல்ல கோவம் இருந்தது. ஓடு, பஸ்ஸ விட்டுடாத" என்றேன்.

மிச்சமிருந்த நாட்களில் எங்களுக்கு ஒரு வேலைதான். கன்னியம்மா எப்படி ஆடுவாள் என்று எங்களை விட யாருக்குத் தெரியும்? தோளை எந்தப் பக்கம் காட்டினால் கால் எந்தப் பக்கம் போகும், மூச்சு முடிகிற நேரத்தில் எந்தக் கையை நீட்டுவாள் என்று எல்லாவற்றையும் ஒவ்வொருத்தியும் சொல்லிச் சொல்லிப் பழகினோம். நாங்களே ஆச்சரியப்படும்படி பைனல் வரை வந்துவிட்டோம்.

பைனல் பூந்தமல்லியில் ஒரு பள்ளி மைதானத்தில் நடந்தது. கன்னியம்மா வேறு நிறச் சட்டையில் எதிரே நின்றாள். முதல் பாதியில் ஸ்டெல்லா அவளை இரண்டு தடவை கணுக்காலில் பிடித்து உட்கார வைத்தாள். அவர்கள் பக்கத்து ஆபீசர் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க ஆரம்பித்தார். பெரிய பெரிய ஆட்டக்காரிகள் எல்லாம் எங்கள் பெண்களிடம் திணறினார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருக்கும்போது நாங்கள் ஒரு புள்ளி முன்னால்.

கடைசி ரைடுக்குக் கன்னியம்மா வந்தாள்.

கேட்டில் ஓடி வருவாளே, அதே மாதிரி வலது தோளைக் காட்டினாள். ஸ்டெல்லா ஏமாறவில்லை. இடது கணுக்காலைப் பிடித்தாள். நடுவில் நின்ற பெண் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். கன்னியம்மா மண்ணில் விழுந்தாள். முடிந்தது என்று நான் கையைத் தூக்கிவிட்டேன். ஆனால் 'கபடி கபடி' நிற்கவில்லை. மைதானமே அமைதியாகிவிட்டது, அந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு புழு ஊர்வது போல ஊர்கிறாள். மற்றவர்கள் பாய்வதற்குள் வலது கை நீண்டது. நடு விரல் நடுக்கோட்டைத் தொட்டது. மூச்சை அதற்கப்புறம்தான் விட்டாள்.

பிடித்த இரண்டு பேரும் அவுட். அவர்களுக்கு இரண்டு புள்ளி. ஒரு புள்ளியில் தோற்றோம்.

பரிசளிப்பு முடிந்ததும் மெடலோடு என்னிடம் வந்தாள். முழங்கை எல்லாம் சிராய்ப்பு. கண்ணில் தண்ணீர். "திட்டிடுக்கா" என்றாள்.

"ஏண்டி, இடது கால் மாட்டும்னு தெரிஞ்சும் ஏன் அந்தப் பக்கம் போன?"

"வேற பக்கம் போவத் தெரியலக்கா" என்றாள். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

எங்கள் டைரக்டர் சிரிக்கவில்லை. மறுநாள் வரதன் சாரையும் என்னையும் கூப்பிட்டு, "நாம தயார் பண்ணின பொண்ணை அவங்களுக்குக் கொடுத்துட்டு வந்து நிக்கறீங்களே" என்று கத்தினார். வரதன் சார் அமைதியாகச் சொன்னார்: "ஆமாம் சார். மிச்சம் இருக்கறவங்களும் தற்காலிகம்தான். அடுத்த வருஷம் ஸ்டெல்லாவைக் கூப்பிடுவாங்க. அதுக்கடுத்த வருஷம் இன்னொருத்தியை. நாம பயிற்சி கொடுப்போம், அவங்க கப் வாங்குவாங்க. செலவு நமக்கு, பேரு அவங்களுக்கு."

நியாயம் பேசியிருந்தால் நடந்திருக்காது. டைரக்டரின் ரோஷத்தில் கை வைத்தார். ஆறு மாதத்துக்குள் ஸ்டெல்லா உட்பட ஐந்து பேர் நிரந்தரம் ஆனார்கள். டைரக்டர் பயந்தபடியே லைனில் மற்றவர்களும் கேட்டார்கள். தொழிற்சங்கம் பேசிப் பேசி, தொண்ணூறுகள் வருவதற்குள் இன்னும் பல பேருக்குக் கிடைத்தது. பிரேக் பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் நின்றது. நான் கடைசியாக அதை டைப் அடித்தது எந்த மாதம் என்று நினைவில்லை. நினைவில் இல்லை என்பதே சந்தோஷமாக இருக்கிறது.

வெளியாளே எடுக்கவில்லை என்று நான் பெருமை பேச முடியாது. எங்கள் பெண்களுக்கு வேலை உறுதியான பிறகு, தெற்கேயிருந்து பேச்சியம்மாள் என்ற பெண்ணை எடுத்தோம். முதல் மாதம் அவளோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை. இரண்டாவது மாதம் ஸ்டெல்லாவே தூக்கை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர்கள் இரண்டு பேரும் இரண்டு ஓரத்தில் நின்ற பிறகுதான் கோப்பை எங்களிடம் வந்தது. அடுத்தடுத்து இரண்டு வருஷம். பேச்சியம்மாளைப் பணம் கொடுத்து வாங்கினோம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அவளுக்கும் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு டீச்சரோ அண்ணனோ மூச்சுப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். யாரோ வளர்க்காத ஆளை எந்தப் பணக்காரனாலும் வாங்க முடியாது.

கன்னியம்மா அந்தப் பூந்தமல்லி ரோட்டுக் கம்பெனியிலேயே முழு சர்வீஸும் முடித்தாள். கபடியை அவர்கள் பிறகு நிறுத்திவிட்டார்கள், வேலை நின்றது. அவள் அப்பா கூரையை எடுத்துவிட்டு ஓட்டு வீடு போட்டபோது எனக்குப் பத்திரிகை வைத்தார்.

போன மாதம் இதையெல்லாம் முன்னும் பின்னுமாகக் கேட்டுவிட்டு அருண், "அப்ப வாங்கணுமா, வளர்க்கணுமா மேடம்? நான் குறிப்புல என்ன எழுதறது?" என்றான்.

"லைன்ல இருக்கற பொண்ணுங்க இப்ப எல்லாரும் கான்ட்ராக்ட்தானே?"

"ஆமா மேடம்."

"மொதல்ல அதை எழுது. கபடி அப்புறம்."

அவன் எழுதினான். எழுதினது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. நிவேதா மட்டும் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பைனல் தோத்தது இன்னிக்கும் வருத்தமா இருக்கா மேடம்?"

அவளுக்கு இதைத்தான் சொன்னேன். பைனல் அன்றைக்குச் சாயங்காலம் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் ஆவடி வந்து, நாங்கள் ரயில் ஏறினோம். இந்துக் கல்லூரி ஸ்டேஷன் வருவதற்குள் ஒருத்தி அந்தக் கடைசி ரைடைப் பற்றி ஆரம்பித்தாள். கோட்டைத் தொட்டது எந்த விரல் என்று சண்டை. ஸ்டெல்லா எழுந்து, ஓடுகிற ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னியம்மா எப்படி ஊர்ந்தாள் என்று செய்து காட்டினாள். "என் கையி கழண்டுடும் போல இருந்துச்சுடி, இன்னா மூச்சு அது!" என்கிறாள். எல்லாரும் கத்திச் சிரிக்கிறார்கள். எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"இன்னாம்மா இவ்ளோ சந்தோஷம், ஜெயிச்சிட்டு வர்றீங்களா?"

ஸ்டெல்லா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாம்மா. எங்க பொண்ணு ஜெயிச்சிட்டா" என்றாள்.

அந்த அம்மா கூடையிலிருந்து எங்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு முழம் பூ அளந்து கொடுத்தாள். நாங்களும் வாங்கி வைத்துக்கொண்டோம்.